டெமோவை நம்பாதீர்கள், கார்டை மாற்றிப் பாருங்கள்: அரேஞ்சர் கீபோர்டு ஸ்டைல்களில் எது நிஜம்?

இடது கையில் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) பிடித்தால் டிரம்ஸ், பேஸ் கிட்டார், கிட்டார் எல்லாம் தானாகவே கூட வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எதில் ஸ்டைல் நிஜ பேண்டு மாதிரி இருக்கும்?" என்பதுதான். ஸ்டைல் என்பது தானாக ஓடும் அந்தப் பின்னணி வாசிப்பு. கேள்வி சரி. ஆனால் பதிலைத் தேடும் இடத்தில் பெரும்பாலும் தவறிவிடுகிறோம். டெமோ பட்டனை அமுக்கி இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "அட, டிரம்மர் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கே" என்று முடிவு கட்டிவிடுகிறோம். டெமோவை உருவாக்கியவர் அந்த ஸ்டைலுக்கு எந்தக் கார்டு அழகாக விழுமோ அதைத்தான் வாசித்திருப்பார், எந்த டெம்போவில் அது எழுதப்பட்டதோ அதிலேயே வாசித்திருப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து நம் பாட்டை வாசிக்கும்போதுதான் சாயம் வெளுக்கும்.

பல வருடம் பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டைல் நிஜமாகக் கேட்பதில் ஒலிக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி, நீங்கள் இடது கையில் கார்டு மாற்றும் அந்த நொடியில் கீபோர்டு என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. வாங்கும்போது நாம் கவனிக்காமல் விடுவது அந்த இரண்டாவது பாதியைத்தான்.

மிடி ஒரு வழி, ஆடியோ இன்னொரு வழி

ஸ்டைல்கள் இரண்டு விதமாக உருவாகின்றன. ஒன்று மிடி. டிரம்மரோ கிட்டாரிஸ்டோ எந்த நேரத்தில் எந்த நோட்டை எவ்வளவு அழுத்தி வாசித்தார் என்ற குறிப்பு மட்டும் ஸ்டைலில் இருக்கும். ஒலி, கீபோர்டுக்குள் இருக்கும் சாம்பிளிலிருந்து (பதிவு செய்து வைத்த ஒற்றை ஒலியிலிருந்து) வரும். 1988-ல் ரோலண்ட் இ-20 வந்த காலத்திலிருந்து பெரும்பாலான அரேஞ்சர்கள் இந்த வழியில்தான் வந்தன. இன்னொன்று ஆடியோ. டிரம்மர் ஸ்டூடியோவில் வாசித்ததை அப்படியே பதிவு செய்து, தேவையான இடத்தில் வெட்டி, லூப்பாகச் சுற்ற விடுவது.

ஆடியோ வழியில் விடாப்பிடியாக நின்றது இத்தாலியின் கெட்ரான். அவர்களுடைய ஆடியா என்ற கீபோர்டில் டிரம்ஸ் மட்டுமில்லாமல் கிட்டாரும் பதிவு செய்த லூப்பாகவே வந்தது. யமஹாவும் 2012-ல் பிஎஸ்ஆர்-எஸ்950, 2013-ல் டைரோஸ்5 என்று சில மாடல்களில் ஆடியோ ஸ்டைல்களைக் கொடுத்தது. ஆனால் 2017-ல் ஜெனோஸ் வந்தபோது அந்தப் பக்கம் போகவில்லை. ரெவோ டிரம்ஸ் என்ற பெயரில், மிடியிலேயே ஓடும் புதிய டிரம் கிட்டுகளைக் கொண்டுவந்தது. கையில் ஆடியோ இருந்தும் ஒரு பெரிய நிறுவனம் ஏன் மிடிக்குத் திரும்ப வேண்டும்? இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கேள்விதான்.

கிட்டாரில் குட்டு வெளிப்படும்

நம் காது சில வாத்தியங்களை மன்னித்துவிடும். ஸ்ட்ரிங்ஸ் பின்னணி, ஆர்கன், எலக்ட்ரிக் பியானோ எல்லாம் எந்த அரேஞ்சரிலும் ஓரளவு நன்றாகவே இருக்கும். டிரம்ஸைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அக்கூஸ்டிக் கிட்டாரை மட்டும் மன்னிக்கவே மன்னிக்காது.

கிட்டாரில் சி மேஜர் பிடித்தால் ஐந்து தந்திகள் ஒலிக்கும்: கீழிருந்து சி, ஈ, ஜி, சி, ஈ. ஈ மேஜர் பிடித்தால் ஆறும் ஒலிக்கும்: ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ. அடியில் அந்தத் தடித்த ஈ தந்தி கையே படாமல் திறந்தபடி அதிர்வதுதான் ஈ மேஜரின் கம்பீரம். இப்போது பழைய பாணி ஸ்டைல் ஒன்று என்ன செய்யும் என்று பாருங்கள். சி-யில் எழுதிய அடுக்கை அப்படியே நான்கு செமிடோன் (அரைச்சுரம்) மேலே தூக்கும். ஈ, ஜி ஷார்ப், பி, ஈ, ஜி ஷார்ப் என்று ஐந்து நோட்டுகள் வரும். எல்லாமே ஈ மேஜரின் நோட்டுகள்தான், இலக்கணப்படி தவறே இல்லை. ஆனால் அடித் தந்தி காணாமல் போய், நான்காவது கட்டையில் விரலை இறுக்கிப் பிடித்த மாதிரி மெலிந்த சத்தம் வரும். கிட்டார் தெரியாதவருக்கும் "ஏதோ கீபோர்டு மாதிரி இருக்கே" என்று தோன்றும். ஏன் என்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

இதற்கு மூன்று நிறுவனங்கள் மூன்று விதமாகத் தீர்வு கண்டன.

யமஹா இரண்டு கட்டமாகச் செய்தது. 2002-ல் வந்த முதல் டைரோஸில் மெகா வாய்ஸ் என்று ஒன்று அறிமுகமானது. சாதாரண வாய்ஸில் வெலாசிட்டி (நோட்டை அமுக்கும் அழுத்தத்தின் அளவு) ஏறினால் சத்தம் ஏறும். மெகா வாய்ஸில் வெலாசிட்டியின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வாசிப்பு முறை. கிட்டாரில் கீழ்ப்பகுதி முழுக்கத் திறந்த தந்தியின் மென்மையும் அழுத்தமும், அதற்கு மேலே போகப் போக மியூட், ஹேமரிங், ஸ்லைடு, உச்சியில் ஹார்மோனிக்ஸ் என்று அடுக்கியிருப்பார்கள். தந்தியில் விரல் உரசும் சத்தம்கூட மேல் ஆக்டேவில் தனி நோட்டாக ஒளிந்திருக்கும். விரலால் நேரடியாக வாசிக்க இது லாயக்கில்லை. ஸ்டைல் எழுதுகிறவருக்கென்றே செய்த ஒலி. அப்புறம் 2008-ல் டைரோஸ்3 வந்தபோது ஸ்டைல் ஃபைல் வடிவத்தையே மாற்றி, கிட்டாருக்கென்று தனி மாற்ற விதிகளைச் சேர்த்தார்கள். நீங்கள் ஈ மேஜர் அமுக்கினால் கிட்டாரிஸ்ட் பிடிக்கும் ஈ மேஜர் அடுக்கு வரும். ஸ்ட்ரம்மிங்குக்கு ஒரு விதி, தனித்தனித் தந்தியாகப் பிக்கிங் செய்வதற்கு இன்னொரு விதி.

கோர்க் இதையே வேறு கோணத்தில் அணுகியது. அவர்களுடைய கிட்டார் மோடில் ஸ்டைல் எழுதுகிறவர் நோட்டுகளைப் பதிவதில்லை. கீழ்நோக்கி ஒரு அடி, மேல்நோக்கி ஒரு அடி, இந்தத் தந்தியை மட்டும் சுண்டு என்ற மாதிரி கட்டளைகளைப் பதிகிறார். எந்தக் கார்டு, எந்த இடத்தில் பிடிப்பது என்பதை வாசிக்கும் நேரத்தில் கீபோர்டே முடிவு செய்யும். ஸ்ட்ரம்மிங்கில் எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். கார்டு மாறினாலும் கையின் வீச்சு மாறாமல் ஓடிக்கொண்டே இருப்பது காதில் தெளிவாகத் தெரியும். நிஜ கிட்டாரிஸ்டின் வலது கையும் அப்படித்தான், இடது கை என்ன செய்தாலும் அது ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, கெட்ரானின் ஆடியோ கிட்டார்? சி, ஜி, ஏ மைனர் என்று எளிய கார்டுகளில், பதிவு செய்த டெம்போவை ஒட்டி வாசித்தால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மரம் அதிர்வது கேட்கும், பிக் தந்தியைத் தொடும் சத்தம் கேட்கும். ஆனால் எல்லா ரூட்டுக்கும் (கார்டின் அடிச் சுரத்துக்கும்) எல்லாக் கார்டு வகைக்கும் தனித்தனியாகப் பதிவு செய்து வைக்க முடியாதே. ஒரு பதிவை மேலும் கீழும் இழுத்துத்தான் மற்ற ரூட்டுகளுக்குப் பயன்படுத்த வேண்டும். அப்படி இழுக்கும்போது சுருதியோடு சேர்ந்து கிட்டாரின் உடம்புச் சத்தமும் நகர்ந்து, பெட்டி சின்னதாகிப் போன மாதிரி கேட்கும். மைனர் 7 ஃபிளாட் 5, ஆக்மெண்டட் போன்ற கார்டுகளில் இருப்பதற்குள் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்று வந்து நிற்கும். பாடகர் பாடும் மெட்டில் அந்த ஃபிளாட் 5 முக்கியமாக இருந்தால், உரசல் அப்பட்டமாகத் தெரியும்.

டிரம்ஸில் ஆடியோவுக்கே வெற்றி, ஒரு நிபந்தனையோடு

டிரம்ஸுக்குக் கார்டு கிடையாது. அதனால் மேலே சொன்ன தொல்லை எதுவும் இல்லை. இங்கே ஆடியோ ஸ்டைல்தான் முன்னால் நிற்கிறது, நான் மறுக்க மாட்டேன்.

பிரஷ் ஸ்னேரை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவான ஸ்விங்கிலோ பேலடிலோ டிரம்மர் இரண்டு பிரஷ்களையும் தோலின் மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருப்பார். "ஷ்ஷ்ஹ்ஷ்" என்று ஓடும் அந்தத் தேய்ப்புக்குத் தொடக்கம், முடிவு என்று தனியாக இல்லை. அழுத்தம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், நடுவில் ஒரு சின்னத் தட்டு விழும். மிடி என்பதோ "இந்த இடத்தில் இந்த நோட்டு" என்ற கணக்கு. தேய்ப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டித்தான் அதில் காட்ட முடியும். எவ்வளவு நல்ல சாம்பிளாக இருந்தாலும் ஒட்டிய இடம் தெரியும். ஹெட்போனில் கேட்டால் நன்றாகவே தெரியும்.

ஹை-ஹேட்டிலும் இதே கதைதான், கொஞ்சம் லேசாக. ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப ஒலித்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். இதைத் தவிர்க்க ஒரே அடிக்குப் பல சாம்பிள்களை வைத்து மாற்றி மாற்றி ஒலிக்க விடுகிறார்கள். ரெவோ டிரம்ஸின் பலம் அதில்தான். 2023-ல் வந்த ஜெனோஸ்2-ல் ஆம்பியன்ட் டிரம்ஸ் என்று, அறையின் எதிரொலியையும் சேர்த்துப் பதிவு செய்து, அதன் அளவைக் கூட்டிக் குறைக்கும்படி கொடுத்திருக்கிறார்கள். ராக், பாப், பேலட் ரிதங்களில் மிடி டிரம்ஸ் இன்று ஆடியோவுக்கு மிக அருகில் வந்துவிட்டது. பிரஷ், ஷேக்கர், கையால் தட்டும் பெர்கஷன் இவற்றில்தான் இன்னும் இடைவெளி இருக்கிறது.

நிபந்தனை என்று சொன்னேனே, அது டெம்போ. ஆடியோ லூப்பை வேகப்படுத்தினால் ஓரளவு தாங்கும். மெதுவாக்கினால் அடிக்கும் அடிக்கும் நடுவில் உள்ள இடத்தைக் கீபோர்டு நீட்டி நிரப்ப வேண்டும். அப்போது சிம்பல் அதிர்ந்து அடங்கும் வால் பகுதி கரகரக்கத் தொடங்கும். ஒருமுறை மேடையில் ஒரு பாடகருக்கு ஆடியோ ரிதத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சரணத்தில் அவர் உருகிப்போய் மெல்ல மெல்ல இழுத்துப் பாட ஆரம்பித்தார். நானும் டெம்போவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். குரலும் கார்டும் அழகாக இறங்கின, டிரம்ஸ் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிட்டது. அவர் பாட்டை முடிப்பதற்குள் ரிதத்தை நிறுத்திவிட்டு வெறும் பியானோவில் முடித்தேன். மிடி ஸ்டைலில் 120-லிருந்து 70-க்கு இறக்கினாலும் ஒலி கெடாது. வாசிப்பு கொஞ்சம் வெறுமையாகத் தெரியலாம், கரகரக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆடியோ டிரம்ஸில் ஸ்னேர் பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று வைக்க முடியாது. மிடியில் கிட்டையே மாற்றலாம், கிக்கை மட்டும் குறைக்கலாம், பிடிக்காத டாம்பரினை அடியோடு நீக்கலாம். ஸ்டைலைத் தன் கைக்கு ஏற்ற மாதிரி திருத்திக்கொள்ளும் பழக்கம் உள்ளவருக்கு இது பெரிய விஷயம். கேள்வியாக விட்டுவைத்தேனே, யமஹா ஏன் திரும்பியது என்று. நிறுவனத்தின் உள்காரணம் எதுவாகவும் இருக்கட்டும், வாசிக்கிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் எனக்குத் தெரிவது இந்த நெகிழ்வுதான்.

பேஸ், அப்புறம் கார்டு மாறும் நொடி

பேஸை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் ஸ்டைலை நிஜமாக்குவதும் பொய்யாக்குவதும் அதுதான். சி, டி, ஈ, எஃப், ஜி என்று மேஜர் கார்டுகளை வரிசையாக ஏற்றி வாசித்துப் பாருங்கள். பேஸ் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே வந்து, ஏதோ ஒரு கார்டில் திடீரென்று ஒரு ஆக்டேவ் கீழே குதிக்கும். ஒலி எல்லைக்குள் வைத்திருக்க அப்படி ஒரு உயர வரம்பை ஸ்டைலில் எழுதியிருப்பார்கள். வரம்பு இருப்பதில் தவறில்லை. அந்தக் குதிப்பு எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் முக்கியம். நீங்கள் அடிக்கடி வாசிக்கும் சுருதியில் எஃப்-லிருந்து ஜி-க்குப் போகும்போது குதித்தால் ஒவ்வொரு வரியிலும் தடுக்கும்.

இங்கே கோர்க்கின் ஒரு வசதியைச் சொல்லியாக வேண்டும். ஸ்டைலின் ஒவ்வொரு வேரியேஷனுக்குள்ளும் (அதே ஸ்டைலின் எளிய, நிறைந்த வடிவங்களுக்குள்ளும்) ஆறு கார்டு வேரியேஷன்கள் வரை வைக்கலாம். மேஜருக்கு ஒரு பேட்டர்ன், மைனருக்கு ஒன்று, செவன்த்துக்கு இன்னொன்று என்று தனித்தனியாக எழுதி, எந்தக் கார்டு வந்தால் எது ஒலிக்க வேண்டும் என்று அட்டவணை போட்டுவிடலாம். யமஹா ஸ்டைலில் வழக்கமாக சி மேஜர் 7-ல் எழுதிய ஒரு பேட்டர்னை விதிகள் மற்ற கார்டுகளுக்கு மாற்றிக்கொடுக்கும். விதிகள் நுட்பமானவை, பெரும்பாலும் சரியாகவே விழும். ஆனால் மைனரில் பேஸிஸ்ட் வேறு மாதிரி நடப்பார் என்பது ஒரு கருத்து, அதை எழுதித்தான் வைக்க முடியும். ஜாஸ் பக்கம் சாயும் ரிதங்களில் இந்த வித்தியாசம் கேட்கும். எளிய எட்டு பீட் ரிதத்தில் கேட்காது. அப்புறம், ஆறுக்கு இடம் இருக்கிறது என்பதால் எல்லா ஸ்டைலிலும் ஆறும் எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கார்டு மாறும் நொடிக்கு வருகிறேன். பாட்டுகளில் கார்டு எப்போதும் முதல் தட்டில் மாறுவதில்லை. நான்காவது தட்டின் பிற்பாதியிலேயே முந்திக்கொண்டு விழும் இடங்கள் ஏராளம். அப்படி அரைத் தட்டு முன்னால் மாற்றும்போது, ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் நோட்டு என்ன ஆகிறது? சில இடங்களில் நின்றுவிடும், சில இடங்களில் புதிய சுருதிக்கு நழுவும், சில இடங்களில் புதிதாக ஒருமுறை அடித்து ஒலிக்கும். யமஹாவில் இது ஒவ்வொரு டிராக்குக்கும் (வாத்தியப் பகுதிக்கும்) தனித்தனியாக அமைக்கக்கூடிய விதி. பிராஸுக்கு நழுவல் பொருந்தலாம், பியானோவுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆடியோ கிட்டாரில் இந்த இடம்தான் பலவீனம். ஒரு ஸ்ட்ரம் நடுவில் இருக்கும்போதே அடுத்த லூப்புக்குத் தாவ வேண்டும், அந்தத் தாவல் லேசாக வெட்டுவது போலக் கேட்கும்.

நான்கு நிமிடம் ஓடும்போது

முதல் முப்பது விநாடிக்கு எல்லா ஸ்டைலும் நிஜம்தான். மூன்றாவது நிமிடத்தில்தான் தெரியும். நான்கு பார் பேட்டர்ன் ஒன்று திரும்பத் திரும்ப வரும்போது, இரண்டாவது பாரின் கடைசியில் டிரம்மர் போடும் அந்தச் சின்ன ஸ்னேர் உருட்டல் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், அதே அழுத்தத்தில் வரும். முதல் முறை "ஆஹா", பத்தாவது முறை எரிச்சல். முரண் என்னவென்றால், வாசிப்பு எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் காது அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் இந்தச் சலிப்பு ஆடியோ லூப்பில்தான் முதலில் வரும். சாதுவான மிடி ஸ்டைல் அலுப்புத் தட்டாமல் இன்னும் நெடுநேரம் ஓடும்.

சில யமஹா மாடல்களில் நம் வாசிப்பின் அழுத்தத்துக்கு ஏற்ப ஸ்டைலும் கூடிக் குறையும்படி அமைக்கலாம். இது உண்மையிலேயே உதவுகிறது. அதைவிட உதவுவது பொத்தான்கள் மேல் இருக்கும் நம் கை. சரணத்தில் கிட்டார் டிராக்கை அணைத்துவிடுவது, ஒரு வரிக்கு டிரம்ஸை நிறுத்துவது, ஃபில் (இடையில் வரும் டிரம் உருட்டல்) இல்லாமலே அடுத்த வேரியேஷனுக்குப் போவது எல்லாம் சேர்ந்தால் சுமாரான ஸ்டைல்கூட மூச்சு விட ஆரம்பிக்கும்.

வேறு கம்பெனி ஸ்டைல்களை மாற்றிப் போட்டு ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெகா வாய்ஸுக்கென்று எழுதிய கிட்டார் டிராக்கை வேறு கீபோர்டின் சாதாரண கிட்டாரில் ஓட்டினால், ஸ்லைடுக்காகவும் ஹேமரிங்குக்காகவும் வைத்த உயர்ந்த வெலாசிட்டி எல்லாம் காட்டுத்தனமான அடியாக வந்து விழும். விரல் உரசலுக்கு வைத்த நோட்டுகள் உச்சஸ்தாயியில் கீச்சிடும். அந்த டிராக்கைத் திரும்ப எழுதத் தயாராக இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

எதை எடுப்பது?

நிகழ்ச்சியில் பாடுகிறவரைப் பின்தொடர்ந்து வாசிப்பவர், சுருதியும் டெம்போவும் அந்த நேரத்தில்தான் தெரியும் என்றால், மிடி ஸ்டைல்கள் வலுவாக உள்ள கீபோர்டை எடுங்கள். ஸ்ட்ரம்மிங் கிட்டார் அதிகம் வரும் பாட்டுகளும், கொஞ்சம் சிக்கலான கார்டுகளும் உங்கள் வாசிப்பில் அதிகம் என்றால் கோர்க் பிஏ வரிசையை முதலில் கேட்டுப் பாருங்கள். பிக்கிங் கிட்டார், பிராஸ், மெருகேறிய மொத்த ஒலி வேண்டும், ஸ்டைலைத் திருத்த உட்காரப் போவதில்லை என்றால் யமஹாவின் எஸ்எக்ஸ் வரிசையோ ஜெனோஸோ பொருந்தும். இதே பாட்டுகள், இதே சுருதி, இதே டெம்போ என்று முன்கூட்டியே முடிவான தொகுப்பை வாசிப்பவரும், நடனத்துக்கு வாசிப்பவரும் கெட்ரானைத் தயங்காமல் பார்க்கலாம். அந்தச் சூழலில் ஆடியோவின் குறைகள் வெளியே வர வாய்ப்பே கிடைக்காது, டிரம்ஸின் உயிர் மட்டும் கேட்கும்.

எதைப் பார்க்கப் போனாலும் உங்கள் ஹெட்போனை எடுத்துப்போங்கள். கீபோர்டின் ரிவெர்பை (எதிரொலியை) குறைத்துவிடுங்கள், டெமோக்கள் பாதி அதில்தான் பளபளக்கின்றன. ஒரு பேலட் ஸ்டைலைப் போட்டு கிட்டார் டிராக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள். சி-யில் நான்கு பார், அப்புறம் ஈ, ஏ மைனர், எஃப் ஷார்ப் மைனர் 7 ஃபிளாட் 5, எஃப், ஜி சஸ்4 என்று போங்கள். கார்டை ஒவ்வொரு முறையும் அரைத் தட்டு முன்னால் மாற்றுங்கள். பிறகு டெம்போவை இருபது குறைத்து இன்னொருமுறை வாசியுங்கள். அடுத்து பேஸை மட்டும் விட்டு அதே சுற்று. கடைசியாக டிரம்ஸை மட்டும் ஓடவிட்டு, எதையும் தொடாமல் நான்கு நிமிடம் கேளுங்கள்.

என் பங்குக்கு, நான் மிடி பக்கம்தான் நிற்கிறேன். அந்த மேடையில் கடைசி வரியை வெறும் பியானோவில் முடித்த பிறகு, பாடுகிறவர் இழுத்தால் கூடவே இழுபடும் ரிதம்தான் எனக்கு வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பிரஷ் ஸ்னேர் தேவைப்படும் இரண்டு மூன்று பாட்டுகளுக்கு மட்டும், அந்த டெம்போவிலேயே பதிவு செய்த ஆடியோ ரிதத்தைத் தனியாக வைத்திருக்கிறேன்.